தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றியது யார்?

1

"ஊத்துனவ கை வெளங்குமா? சொல்லுங்கடி! மன்சனுக்கே குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல, என் தொட்டில ஆருடி நல்ல தண்ணிய கொண்டாந்து ஊத்துனது?"

"யக்கா, வாய அடக்கிப் பேசு. விடியறதுக்கு முன்னால லாரிக்கு ஓடி, அடிதடி பண்ணி ஒரு கொடம் புடிக்கிறேன். அத்த தூக்கியாந்து உன் பேய்க்கணவாய்க்கு அபிசேகம் பண்றதுக்கு எனக்கு இன்னா, மூள கயண்டு பூட்ச்சா?"

"உன்ன யாரு சொன்னா சுகிர்தம்? வூட்டுக்குள்ள குந்திகினு கீறாளே ஒருத்தி, அவள கேக்கறேன்."

"என்னையா அத்தே?"

"இல்ல, எதுத்த வூட்டு எருமைய."

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை மனதில் ஊறி வருமாம். எனக்குச் சுவர் வழியாக வந்தது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், கடலோரம் எங்கள் குப்பம். கன்னியம்மா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் சேர்த்து ஒற்றைச் செங்கல் சுவர்தான். அதிலும் மேலே இரண்டு கல் பெயர்ந்திருந்தது. தானாகப் பெயர்ந்ததுதான், நம்புங்கள்.

யார் யார் பேசினார்கள் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் சத்தம் போட்டவர் கன்னியம்மா. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவர். அந்தத் தொழிலுக்கு ஏற்ற குரல். பதில் கொடுத்தவர் சுகிர்தம், அவர்களுக்கு அந்தப் பக்கத்து வீடு. கடைசியில் மெதுவாகக் கேட்டவள் கார்குழலி, கன்னியம்மாவின் மருமகள். கதை இவளுடையது. மாமியார் வாயில் 'ழ' ஏறாததால் வீட்டில் இவள் 'கொயலி'. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் இருந்துகொண்டு, பிள்ளைகளுக்கு அகராதி பார்த்துப் பெயர் வைத்த இவளுடைய அப்பா இதைக் கேட்டிருந்தால்—

(அவரை விட்டுவிடுகிறேன். ஆட்கள் கூடிவிட்டால் எனக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று மறந்துவிடும்.)

2

மேலே இருப்பது மூன்றாவது தொடக்கம். முதல் இரண்டையும் அடித்தேன், ஆனால் கிழிக்க மனம் வரவில்லை.

முதல் தொடக்கம்: "ஆக்டோபஸ் எனப்படும் எண்காலி முதுகெலும்பற்ற உயிரினம். இதற்கு மூன்று இதயங்களும் நீல நிற இரத்தமும் உண்டு. நீரின் உப்புத்தன்மை—" இதைப் படித்துக் காட்டியபோது என் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். நல்ல மனிதர், சாப்பிட்ட களைப்பு என்றார்.

இரண்டாவது: "கார்குழலியின் கண்கள் கடலைப் போல—" எங்கள் பக்கத்துக் கடல் எந்த நிறத்தில் இருக்கும் என்று தெரிந்த யாரும் ஒரு பெண்ணின் கண்ணுக்கு அதைச் சொல்ல மாட்டார்கள். அடித்தேன்.

சரி, சுகிர்தம் பேய்க்கணவாய் என்ற இந்த ஆக்டோபஸ் எப்படி ஒரு மீனவக் குடும்பத்தின் முற்றத்துக்கு வந்தது? கன்னியம்மாவின் ஒரே மகன் எத்திராஜ். பங்காளிகளோடு ஓட்டிய படகு பாறையில் மோதிப் போனபின், கொஞ்ச நாள் அடுத்தவர் படகில் போனான். அது அவனுக்கு ஒத்துவரவில்லை. ராயபுரத்திலிருந்து அவனுடைய தோஸ்து ரஹீம் வந்தான்.

"மாமு, பஹ்ரைன்ல மீன்புடி போட்டுக்கு ஆள் கேக்கறான். ரெண்டே வருசம். போய்ட்டு வந்து நீயே சொந்தமா ஒண்ணு வாங்கிக்க."

அந்த நேரம் பார்த்து ஓர் ஏற்றுமதிக்காரர், வலையில் சிக்கும் ஆக்டோபஸ் குட்டிகளை வளர்த்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். எங்கள் மார்க்கெட்டில் அதைச் சீண்ட ஆளில்லை. வெளிநாட்டில் தட்டில் வைத்துப் படமெடுக்கிறார்களாம். எத்திராஜ் முற்றத்தில் சிமெண்ட் தொட்டி கட்டினான். மேலே தார்ப்பாய். உள்ளே பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆக்டோபஸ். எங்கள் குப்பத்தில் ஆளுக்கொரு தனி வீடு கிடைத்த ஒரே குடித்தனம் அதுதான்.

"ஆவணி வரிக்கும் பாக்கறேன் ரஹீம். தொட்டி தேறிச்சினா இங்கயே இருக்கறேன். தேறலனா பிளேன் ஏறிடறேன்."

ரஹீம் நல்லவன். அவசரப்படுத்தவில்லை. ஆனால் புது சூட்கேஸ் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான். அது கட்டிலுக்கடியில் இருந்தது. கார்குழலி வீடு பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடிக்கும்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட முழுசாகவில்லை. இறால் உரிக்கும் கம்பெனி வாசலில் பார்த்துப் பழகி, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டவன். அவன் போய்விட்டால் அந்த வீட்டில் அவளும் கன்னியம்மாவும் மட்டும். வாசகரே, கன்னியம்மாவின் குரலை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அவள் நிலைமையை நான் விளக்க வேண்டியதில்லை.

3

தொட்டி முதலில் நன்றாகத்தான் போனது. நண்டை உயிரோடு போட்டால் ஒரே அமுக்கு. எத்திராஜ் வந்தால் சிவக்கும், சுகிர்தம் எட்டிப் பார்த்தால் கறுக்கும். ("எனக்கு மட்டும் ஏன் கறுக்குது?" "நீ கொயம்பு வைக்கற வாசன அதுக்கு எட்டுது.")

கத்திரி வெயில் ஆரம்பித்த பிறகு அதுகள் சோர்ந்தன. நண்டு பக்கத்தில் நடந்து போனாலும் கண்டுகொள்வதில்லை. நிறம் வெளுத்தது. கையில் எடுத்தால் உறிஞ்சான்கள் ஒட்டவில்லை, பழைய பிளாஸ்டர் மாதிரி வழுக்கின. உடம்பு ஊதியது. ஒன்று தன் கையைத் தானே கடித்துத் தின்ன ஆரம்பித்தது. அதைப் பார்த்த அன்றைக்குக் கார்குழலிக்குச் சோறு இறங்கவில்லை.

எத்திராஜுக்குப் பயிற்சி கொடுத்த அருள்நாதன் வந்தார். மீன் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை, தூத்துக்குடிக்காரர். சின்னக் குழல் மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். அதில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உப்பு எவ்வளவு என்று தெரியுமாம். முதலில் கடல் தண்ணீரைப் பார்த்தார், பிறகு தொட்டித் தண்ணீரை. பிறகு கருவியைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எத்திராஜ், கடல்ல ஆயிரத்துக்கு முப்பத்தஞ்சு இருக்கு. உங்க தொட்டியில இருபத்தாறு. அப்புறம் எப்படிய்யா இதுக பொழைக்கும்?"

"சார், கடல்லேர்ந்துதான் சார் மோட்டார் வெச்சி எறைக்கறேன்."

"மழையும் இல்ல. அப்போ யாரோ நல்ல தண்ணி சேக்காங்க. மீனுன்னா உப்பு கூடுனாலும் கொறஞ்சாலும் உடம்புக்குள்ள ஒரு மாதிரி சமாளிச்சுக்கிடும். இதுக்கு அந்தச் சாமர்த்தியம் கெடையாது பாத்துக்கிடுங்க. வெளிய என்ன தண்ணியோ அதுதான் உள்ளயும். உப்பு கொறையக் கொறைய, தண்ணி உடம்புக்குள்ள ஏறும். ஊதிப்போய், பலம் போய், திங்காம கெடந்து செத்துரும்."

"மூணு இதயம் கீதுன்ன" என்றார் கன்னியம்மா. "ஒண்ணுலகூட ரவை தெம்பு இல்லியா?"

"எத்தன இருந்தா என்னம்மா. தண்ணி சரியில்லன்னா மூணும் சேந்துதான் நிக்கும்."

அவர் தெரு முனை திரும்பியதும் தொடங்கியதுதான் நீங்கள் முதலில் படித்த சண்டை.*

* அந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்து மூன்று. ஏரிகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. எங்கள் தெருவில் பாத்திரம் கழுவிய தண்ணீரில் துணி அலசி, அந்தத் தண்ணீரில் வாசல் தெளித்தார்கள். அப்படிப்பட்ட தெருவில் குடம் குடமாக நல்ல தண்ணீரை ஆக்டோபஸ் தொட்டியில் கொட்டும் அளவுக்கு வசதியான எதிரி ஒருவர் இருந்தார் என்பதை நாங்கள் எல்லோரும் நம்பினோம். நானும்.

4 (இதை மூன்றுக்கு முன்னால் வைக்கலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்)

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. கன்னியம்மாவை வில்லியாக்கினால் கதை சுலபமாக ஓடும். ஆக்கியும் பார்த்தேன்: "கன்னியம்மாவின் உதட்டில் ஒரு குரூரப் புன்னகை தவழ்ந்தது." எழுதிவிட்டு சுவர் வழியாகப் பார்த்தேன். அந்த உதட்டில் வெற்றிலைக் காவி தவிர எதுவும் தவழவில்லை. நின்றபடியே சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாய். மிச்சத்தை மகனுக்கு மூடி வைத்தார்.

ஆகவே அடித்துவிட்டு, காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கன்னியம்மா சுகிர்தத்திடம் சொன்னது: "அவளுக்கு என் புள்ள பாரின் போவணும். பொட்டி நெறைய சென்ட்டு, சங்கிலி வரணும். அதான் தொட்டிய சாவடிக்கறா. லாரித் தண்ணி புடிக்கறது அவதான? கைல கொடத்தோட நிக்கறவ அவ ஒருத்திதான?"

கார்குழலி எத்திராஜிடம் சொன்னது: "ஒங்கம்மாவுக்கு நீ போனா நல்லதுனு தோணுது மாமா. நீ இல்லனா என்ன தொரத்தி உட்டுடலாமில்ல."

எத்திராஜ் இரண்டு பேரிடமும் சொன்னது: "தே, பேஜார் பண்ணாதீங்க."

கவனித்தீர்களா? அவன் போகக் கூடாது என்பதுதான் இருவருக்கும் ஆசை. மற்றவள்தான் அவனை அனுப்பப் பார்க்கிறாள் என்பது இருவருக்கும் நிச்சயம். ஒரே சமையலறையில் நின்றுகொண்டு இதை ஒருவருக்கொருவர் சொல்லாமலே ஒரு கோடையை ஓட்டினார்கள். நான் போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால், 'உனக்கு எப்டி தெரியும்?' என்ற கேள்வி வரும். சுவரைப் பூசிவிடுவார்கள்.

சண்டையின் முடிவில் ஒரு தீர்ப்பு வந்தது. கார்குழலி தொட்டிப் பக்கம் வரக் கூடாது. தண்ணீர், தீனி எல்லாம் கன்னியம்மாவும் எத்திராஜும்தான்.

அவளுக்கு மிச்சமானது ஒன்று. கூட்டத்திலேயே பெரியதாக இருந்த ஒரு ஆக்டோபஸ் முன்னமே ஒருநாள் எத்திராஜின் விரலைக் கடித்துவிட்டது. "கலீஜ் புட்ச்சது! பெத்த புள்ளயாட்டம் பாத்துக்கறவன கடிக்குது பாரு. தூக்கி டிரம்ல போடு!" என்று கன்னியம்மா அதைத் தண்டித்திருந்தார். பின்கட்டில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம், கைதி மாதிரி அது. தொட்டி பறிபோன பிறகு கார்குழலி அதை எடுத்துக்கொண்டாள். தானே கடலுக்குப் போய்க் குடத்தில் மொண்டு வந்து தண்ணீர் மாற்றினாள். செத்த மீன் தலை, சின்ன நண்டு, கிடைத்ததைப் போட்டாள். அதனிடம் பேசவும் செய்தாள். புருஷனைப் பற்றித்தான் பேசினாள் என்று நினைக்கிறேன், அவ்வளவு தூரம் எனக்குக் கேட்கவில்லை.

தொட்டியில் செல்லமாக இருந்தவை ஒவ்வொன்றாகச் சாக, டிரம்மில் இருந்த கைதி கொழுத்தது. மூடியைத் திறந்தால் அவள் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு விடாது. உறிஞ்சான் ஒவ்வொன்றும் வளையல் தடம் மாதிரிப் பதியும்.

இதைப் பார்த்து யாருக்காவது உண்மை புரிந்திருக்க வேண்டாமா? கன்னியம்மாவுக்குப் புரிந்தது வேறு.

"பாத்தியா சுகிர்தம்! அவ பாக்கறது மட்டும் சோக்கா கீது. என் தொட்டி மட்டும் சாவுது. இதுக்கு இன்னா அர்த்தம்? ஆரு கை வெச்சானு இப்ப தெரியுதா?"

அன்றைக்கு எத்திராஜ் எழுந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "வெள்ளிக்கியம ரஹீமாண்ட பாஸ்போர்ட்ட குடுத்துடறேன்."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. யார் கையிலிருந்து விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் உள்ளேதான் இருந்தார்கள்.

5

சாமர்த்தியமான எழுத்தாளர் என்றால் இப்போது சொல்லப்போவதை இதுவரை மறைத்து வைத்திருந்தார் என்று பெயர் வரும். நான் மறைக்கவில்லை ஐயா. அங்கே யாருமே மறைக்கவில்லை. பட்டப்பகலில், தெருவே பார்க்க நடந்தது. பார்த்துப் பார்த்துப் பழகியதால் எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மதியம். கன்னியம்மா வியாபாரம் முடிந்து, தலையில் கூடையோடு வந்தார். கூடையில் எப்போதும்போல உடைத்த ஐஸ், மேலே சாக்கு. நேராகத் தொட்டிக்குப் போனார். "வந்துட்டேன்டா கண்ணுங்களா, ஜில்லுனு இருங்க" என்று கூடையைக் கவிழ்த்தார். ஐஸ் விழுந்ததும் வெளுத்துக் கிடந்தவை திடுக்கிட்டு இரண்டு சுற்று நீந்தின. "பாத்தியா, உசிரு வந்துட்ச்சி" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கத்திரி ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் இதே.

பின்கட்டில் கார்குழலி டிரம்முக்கு நண்டு போட்டுக்கொண்டிருந்தாள். சுகிர்தம் வந்து நின்றார்.

"கொயலி, உங்க அத்தையாண்ட சொல்லி நாளிக்கு எனக்கு ரவை ஐஸ் வாங்கிக் குடேன். குண்டான்ல போட்டு உருக்கிக்கினா நாலு துணி அலசிக்குவேன். தெனம் அதுங்களுக்கு ஒரு கூட கொட்றாங்கோ. உருகினா ரெண்டு கொடம் தண்ணி தேறும், வீணாத்தான போவுது."

கார்குழலியின் கையிலிருந்த நண்டு அவள் விரலைக் கவ்வியது. அவளுக்கு உறைக்கவில்லை.

"இன்னாக்கா சொன்ன?"

"துணி அலசிக்குவேன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னால."

"ரவை ஐஸ் குடுனு—"

"அதுக்கு அப்பால!"

"ரெண்டு கொடம் தண்ணி தேறும்னு. ஏண்டி மொறைக்கற? குடுக்க முடியாதுன்னா முடியாதுனு சொல்லேன்."

ஐஸுக்கும் தண்ணீருக்கும் உறவு உண்டு என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? தெரியும். வெல்லத்துக்கும் சாராயத்துக்கும் உறவு உண்டு என்று தெரிவதுபோலத் தெரியும். ஆனால் காசிமேட்டில் பிழைப்பவர்களுக்கு ஐஸ் என்பது தண்ணீர் வகையறாவில் சேராது. அது மருந்து. மீன் தொய்ந்தால் ஐஸ், கண் மங்கினால் ஐஸ், வெயில் ஏறினால் இன்னும் கொஞ்சம் ஐஸ். போடப் போட நல்லது, போடாவிட்டால் நாறிவிடும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். தொட்டிப் பக்கம் ஒருவர் ஈரக் கையோடு போனால்கூட விரட்டிய கன்னியம்மா, தலையில் இரண்டு குடம் நல்ல தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் விரட்டினார். அது கட்டியாக இருந்தது. அவ்வளவுதான்.

தொட்டியில் தண்ணீர் குறையவே இல்லை, அடிக்கடி மோட்டார் போட வேண்டியதில்லை என்று எத்திராஜ் வேறு அந்தக் கோடை முழுக்க எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கார்குழலி முற்றத்துக்கு வந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து, தொட்டியில் மிதந்த ஒரு கட்டியை எடுத்துத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். கன்னம் உப்ப, அது கரையும் வரை அங்கேயே நின்றாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா? [வாசகர் விருப்பம். எனக்குத் தெரிந்தது முதுகு மட்டும். அது குலுங்கியது.]

6

இனி அவள் என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தோன்றியவை இவை.

முதல் வழி: அவள் முற்றத்தின் நடுவில் நின்று, "நல்ல தண்ணி ஊத்துனவ கை வெளங்குமானு கேட்டியே, உன் கையப் பாரு!" என்று கத்துகிறாள். தெரு கூடுகிறது. இதை எழுதும்போது என் பேனா குதித்தது, மறைப்பானேன். ஒரு கோடை முழுக்க ஏச்சு வாங்கியவளுக்கு அந்த ஒரு வாக்கியம் பாக்கி இல்லையா? ஆனால் அந்த வாக்கியத்துக்கு மறுநாள் அந்த வீட்டில் சோறு யார் போடுவது? அடித்தேன்.

இரண்டாவது வழி: ஒன்றும் சொல்லாமல், தினமும் ஐஸைத் திருட்டுத்தனமாக அள்ளி வெளியே கொட்டிவிடுகிறாள். பொறுமை, தியாகம். தொட்டி பிழைத்தால் ஐஸால் பிழைத்தது என்று மாமியார் ஊரெல்லாம் சொல்வார். இதை எழுத எழுத எனக்கே கொட்டாவி வந்தது.

அவள் செய்தது மூன்றாவது. அதை நான் கற்பனை செய்திருக்கவே முடியாது. அதனால்தான் இந்தக் கதையை நான் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள், வியாழன். கன்னியம்மா வந்ததும் கார்குழலி எதிரே போய்க் கூடையை இறக்கினாள். "நீ துன்னு அத்தே, நான் வெச்சிக்கறேன்." வழக்கமாக அதற்கே ஒரு சண்டை வரும். மறுநாள் பாஸ்போர்ட் போகப்போகிற வீடு. கன்னியம்மாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. உள்ளே போனார்.

கார்குழலி ஐஸை அலுமினிய அண்டாவில் கொட்டி வெயிலில் வைத்தாள். எட்ட நின்று காவல் காத்தாள். பாதிக்குமேல் உருகியதும் கூப்பிட்டாள்.

"அத்தே, இப்டி வந்து குந்து. தலைய அவுறு."

"எதுக்குடி?"

"குந்து சொல்றேன்."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அந்தக் கோடையில் எங்கள் யாருக்கும் தலைக்கு நல்ல தண்ணீர் கிடையாது. கடல் தண்ணீரில் குளித்து, முடி தேங்காய் நார் மாதிரி ஆகியிருந்தது. மீன்கூடை சுமக்கிற தலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கார்குழலி சொம்பில் மொண்டு உச்சியில் ஊற்றினாள்.

"ஐயையோ! கொல்றா! கொல்றாளே!"

தெருவே ஓடி வந்தது. சுகிர்தம் கரண்டியோடு வந்தார். மாமியாரும் மருமகளும் கடைசியில் கைகலந்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதிகூட இருந்தது. நான் பெயர்ந்த கல்லை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"ஆடாத அத்தே. கண்ண மூடிக்க."

"இன்னா தண்ணிடி இது, எலும்புக்குள்ள பூந்து குத்துது!"

"நல்ல தண்ணி அத்தே."

"நல்ல தண்ணியா? லாரியே வர்ல. ஏது?"

"நீதான் கொண்டாந்த. தலைல வெச்சி."

கன்னியம்மா கண்ணைத் திறந்தார். மூக்கு வழியாக வழிந்த தண்ணீரை நாக்கால் தொட்டுப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். அதில் மிச்சமிருந்த கட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. தொட்டியைப் பார்த்தார். பிறகு, அத்தனை நாளும் என் காதில் விழாத ஒரு குரலில் கேட்டார்.

"தெனம்... நான்தானா கொயலி?"

"நீ ஐஸ் போட்ட. தண்ணி ஊத்தல."

"ரெண்டும் ஒண்ணுதானடி."

"அது இப்பதான் நமக்கு தெரியும். சுகிர்தக்கா துணி அலசறதுக்கு ஐஸ் கேட்டதுலதான் எனுக்கே வெளிச்சமாச்சி."

கரண்டியோடு நின்ற சுகிர்தம், தான் என்ன கண்டுபிடித்தோம் என்று தெரியாமலே ஒருமுறை தலையை நிமிர்த்திக்கொண்டார்.

"வெயில்ல அதுங்கோ செத்துப் பூட்ச்சினா இவனும் பூடுவானேனு... அதான்டி தெனம் கயுத்து வலிக்க செமந்தாந்தேன்."

"எனுக்கும் அதான் அத்தே பயம்."

"உனுக்கா? நீ அவன் போவணும்னுல்ல..."

"நான் எப்ப சொன்னேன்? நீதான் என்ன தொரத்தறதுக்கு அவன—"

"தே! நான் எப்ப சொன்னேன்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி நனைந்து உட்கார்ந்திருந்தாள், இன்னொருத்தி கையில் சொம்போடு நின்றாள். ஏற்கெனவே அண்டா அருகில் வந்திருந்த எதிர்வீட்டு எருமையை யாரும் விரட்டவில்லை.

"இன்னும் கீதா?" என்றார் கன்னியம்மா.

"கீது."

"இன்னொரு சொம்பு ஊத்து. பின்னால முடிக்கு."

7

இங்கே நன்றி சொல்ல வேண்டும். மற்றவர்கள் புத்தகத்தின் கடைசியில் சொல்வார்கள். நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

விரலைக் கடித்த ஆக்டோபஸுக்கு நன்றி. அது ஒழுங்காக நடந்திருந்தால் அதற்கும் ஐஸ் கிடைத்திருக்கும். மழை பெய்யாமல் போனதற்கு நன்றி என்று எழுதி, உடனே அடித்தேன். இருந்தாலும், துணி அலசத் தண்ணீர் இருந்திருந்தால் சுகிர்தம் ஐஸ் கேட்டிருக்க மாட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மெதுவாகப் பேசத் தெரியாத என் தெருவுக்கு நன்றி. ஏசின வாய்க்கும், ஏச்சை வாங்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றிய கைக்கும் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மதியத்தை நான் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு என் வீட்டில் சண்டை போடும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, எதிராளிக்கு என்ன பயமாக இருக்கும் என்று யோசிக்கிறேன். ஒரு நிமிடம்தான். பிறகு தொடர்கிறேன்.

8

சாயங்காலம் எத்திராஜ் வந்தான். அம்மாவின் தலை ஈரமாக, சிடுக்கெடுத்து வாரிப் பின்னியிருந்ததைப் பார்த்தான். பின்னிக்கொண்டிருந்தது மனைவி. அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா நடக்குது இங்க?"

"தண்ணி ஊத்துன ஆள கண்டுபுட்ச்சாச்சி நைனா" என்றார் கன்னியம்மா.

"ஆரு?"

கன்னியம்மா வாயைத் திறந்தார். கார்குழலி அவர் தோளை அழுத்தினாள், அவளும் ஏதோ சொல்ல வந்தாள். சரியாக அந்த நேரத்தில் தெருமுனையில் லாரியின் ஹாரன்.

அந்த வருடம் வடசென்னையில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். தெரு காலியானது. நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எவ்வளவு பெரிய கதாசிரியராக இருந்தாலும் ஓடித்தான் இருப்பார். திரும்பி வந்தபோது அங்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மூவரும் தொட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். பேச்சு முடிந்துபோயிருந்தது.

எனவே, யார் என்று அவனிடம் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. பழியை மருமகள் ஏற்றுக்கொண்டாளா, மாமியார் தானே ஒப்புக்கொண்டாரா, இருவரும் சேர்ந்து சுகிர்தத்தின் தலையில் கட்டினார்களா—

(சுகிர்தம் இதுவரை என்னிடம் கேட்கவில்லை. ஆகவே கட்டவில்லை என்று நினைக்கிறேன்.)

கன்னியம்மாவிடம் பின்னால் ஒருமுறை தந்திரமாகக் கேட்டேன். "உனுக்கு எதுக்கு அது?" என்றார். கார்குழலியிடம் கேட்டேன், சிரித்தாள். எத்திராஜிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று பேரையும் எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்கும் இப்போது தெரியும். ஒருவேளை என்னைவிட அதிகமாகவே தெரியும், ஏனென்றால் லாரிக்கு ஓட வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. கன்னியம்மா திறந்த வாயில் எந்தச் சொல் இருந்தது? கீழே இடம் விட்டிருக்கிறேன்.

"தண்ணி ஊத்துனது ..................................................."

எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இவைதான். உப்பைத் திடீரென்று ஏற்றக் கூடாது என்று அருள்நாதன் சொன்னபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் தண்ணீரை மாற்றினார்கள். ரொம்ப மோசமாக இருந்தவை செத்தன. மற்றவை ஒருநாள் காலையில் சுகிர்தத்தைப் பார்த்துக் கறுத்தன. அவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளாதது அன்றைக்குத்தான். வெள்ளிக்கிழமை எத்திராஜ் ராயபுரம் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை. ஆவணியில் ஏற்றுமதிக்காரரின் வண்டி வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

பஹ்ரைன் படகுக்குப் போனது சுகிர்தத்தின் தம்பி. இரண்டு வருடம் என்று போனவன், அங்கேயே சமையல் வேலை செய்த ஒரு கேரளத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கொல்லத்தில் குடியேறிவிட்டான். அருள்நாதனுக்கு மண்டபம் என்ற ஊருக்கு மாற்றல் வந்தது. கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருந்தார், நாங்கள் போகவில்லை. ரஹீம் பெரம்பூரில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான். நான் மணலி புதுநகருக்கு வந்துவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாகக் கடலோடு போயின, தொட்டியும் போனது. எர்ணாவூரில் மாற்று வீடு கொடுத்தார்கள். எத்திராஜும் கார்குழலியும், கையில் குழந்தையோடு, அங்கே போனார்கள். அவன் இப்போது காசிமேட்டில் ஒரு விசைப்படகில் டிரைவர். தனி ஆளாக இருக்கும் வயதானவர்களுக்குத் தனி வீடு எழுதித் தருகிறோம் என்று, அந்த மாற்று வீடுகளுக்குப் பெயர் எழுத வந்தவர் கன்னியம்மாவிடம் கேட்டபோது, வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

"நீங்க தனியாத்தான இருக்கீங்கம்மா?"

"தனியா இன்னாத்துக்கு?"

"அப்ப யார்கூட? மகன்கூடவா?"

"மருமவகூட" என்றார் கன்னியம்மா. "அவனும் அங்கதான் கீறான். சேத்து எய்திக்க."